இறவாரத்தைச் சுற்றிப் போன குழாய்

எல்மா ஹக்கலா அடுப்பின் கதவைத் திறந்து ஒரு மேப்பிள் கட்டையை உள்ளே தள்ளினாள். தள்ளின கையை எடுப்பதற்குள் அடுப்பு அவள் முகத்தில் புகையைத் துப்பியது.

“நாசமாப் போச்சு, மறுபடியுமா!”

அடுப்பின் மேல் ஒரு குற்றமும் இல்லை, அது அவளுக்கே தெரியும். நல்ல கனமான வார்ப்பிரும்பு அடுப்பு. ஆனாலும் எதையாவது வைய வேண்டியிருந்தது, வைய வேண்டிய ஆள் காட்டில் மரம் வெட்டப் போயிருந்தான். முன் கதவையும் பின் கதவையும் விரியத் திறந்துவிட்டாள். நவம்பர் மாதத்து ஏரிக்காற்று சுப்பீரியர் ஏரியிலிருந்து நேராகக் கிளம்பி வந்து, காலையிலிருந்து அவள் கட்டை கட்டையாகத் தின்னக் கொடுத்துச் சேர்த்த சூட்டை ஒரே மூச்சில் வாரிக்கொண்டு போனது. புகையும் போனது. கோட்டை மாட்டிக்கொண்டு சொந்த வீட்டின் சமையலறையில் நின்று உருளைக்கிழங்கு உரித்தாள்.

வாசலுக்குப் போய்த் திரும்பிப் பார்த்தால் அந்தக் குழாய் தெரியும். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் பார்க்காமல் இருக்க முடியாது. சுவரைத் துளைத்து வெளியே வந்த புகைக்குழாய் நேரே மேலே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. மேலே சுவரைத் தாண்டி நீட்டின இறவாரம் குறுக்கே நின்றது. கூரை வேய்ந்தபோது அவள் புருஷன் தவுனோ அதை மற்ற வீடுகளில் இருப்பதைவிட அகலமாக இழுத்து விட்டிருந்தான், கீழே அடுக்குகிற விறகு நனையக் கூடாது என்று. சரி, நல்ல யோசனைதான். அந்த இறவாரத்தில் ஓர் ஓட்டை போட்டுக் குழாயை மேலே ஏற்றிவிட வேண்டியதுதானே? அந்தப் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். இவன் மட்டும் இறவாரத்துக்குக் கீழே எல்போ என்கிற வளைவுத் துண்டைப் போட்டுக் குழாயை வெளியே சாய்த்தான். விளிம்பைத் தாண்டினதும் இன்னோர் எல்போ போட்டு நிமிர்த்தினான். நிமிர்த்தினதாவது உயரமாகப் போனதா என்றால் அதுவும் இல்லை. விளிம்புக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்த்ததோடு மழை இறங்காமல் மூடுகிற தகரத் தொப்பியை வைத்து முடித்துவிட்டான். முதுகு பிடித்துக்கொண்டவன் குனியாமலும் நிமிராமலும் நிற்பானே, அந்த மாதிரி நின்றது குழாய்.

காற்று முகட்டைத் தாண்டி இந்தப் பக்கம் சரியும்போது புகையைத் தொப்பியோடு சேர்த்து அமுக்கும். வளைவில் திரும்ப முடியாமல் புகை அங்கேயே ஆறித் தார் மாதிரிக் கீலாகிப் படியும். அந்தக் கீல் எல்போவின் மூட்டில் கசிந்து, எல்மா கோடையில் வெள்ளையடித்த சுவரில் கறுப்பாக ஒழுகியிருந்தது.

சுவர் கிடக்கட்டும். மகள் மார்சிக்கு இளைப்பு. ஒன்பது வயசுப் பிள்ளை. அடுப்பு வைத்த முதல் வாரத்திலேயே ஒரு மத்தியானம் சோபாவில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் தவித்து, உதடு நீலம் பாரித்துப் போனாள். தூக்கிப் போட்டுக்கொண்டு ஹான்காக் டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். புகை இருக்கிற வீட்டில் இந்தப் பிள்ளை இருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். எண்ணெய் விக்கிற விலையில் பழைய ஹீட்டருக்குத் தீனி போட முடியாது, அதனால்தான் விறகு அடுப்பே வந்தது. ஆக, அடுப்பு வீட்டில் இருந்தது, பிள்ளை ஹான்காக்கில் எல்மாவின் தங்கை லெம்பி வீட்டில் இருந்தாள். போனில் தினமும் ஒரே கேள்வி. “அம்மா, புகை போயிடுச்சா? நான் வரலாமா?”

இன்னும் இல்லடா கண்ணு, இன்னும் இல்லடா கண்ணு என்று சொல்லிச் சொல்லி எல்மாவின் வாய் கசந்துவிட்டது.

தவுனோ இருட்டுவதற்கு முன்னாலேயே வந்தான். பூட்ஸில் மரத்தூள், தாடியில் மரத்தூள்.

“கதவெல்லாம் ஏன் திறந்து கெடக்கு?”

“உன் குழாய்க்கு மூச்சு முட்டிச்சு. காத்தாட விட்டிருக்கேன்.”

“காத்து திசை மாறியிருக்கு. அதான்.”

“நேத்து விறகு ஈரம்னு சொன்ன. முந்தாநாள் நான் கதவ வேகமாத் தொறந்துட்டேன்னு சொன்ன. இன்னிக்குக் காத்தா? நாளைக்கு யாரு? நெலாவா?”

அவன் போய்க் கதவுகளைச் சாத்தினான். நாற்காலியில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தான். அவன் பதில் சொல்லாமல் எதையாவது அவிழ்க்க ஆரம்பித்தால் எல்மாவுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

“இறவாரத்த வெட்டு தவுனோ.”

“வெட்டினா தண்ணி எறங்கும். கைமரம் மக்கிப் போயிடும்.”

“வில்ஹோ வீட்டுல வெட்டியிருக்கு. உங்க அண்ணன் வீட்டுல வெட்டியிருக்கு. யாரு வீட்டுக் கைமரம் மக்கிச்சு? பேரச் சொல்லு, போய்ப் பாத்துட்டு வரேன்.”

“அவங்க கூரை வேற.”

“ஆமா, உன் கூரை மட்டும் மேல இருந்து எறங்கி வந்துச்சு. ஒரு நாள் ஆளுங்களக் கூப்பிடேன். நாலு பேர் வந்தா மத்தியானத்துக்குள்ள முடிஞ்சிடும். நான் ரொட்டி சுட்டுப் போடுறேன்.”

“என் வீட்டு வேலைக்கு நான் ஒருத்தனையும் கூப்பிட மாட்டேன்.”

“ஏன்? நீ யாரு வீட்டுக்கும் போனதில்லயா? ருடியோட கொட்டகைக் கூரைக்குப் போய் விழுந்து, தோள்பட்டை எலும்பு ஒடஞ்சு, கட்டுப் போட்டு ரெண்டு மாசம் உக்காந்திருந்தியே. அது யாரு வீட்டு வேலை?”

“அந்தப் பேச்ச எடுக்காத.”

“எலும்புதான் கூடிடுச்சே!”

“எடுக்காதன்னு சொன்னேன்ல!”

பூட்ஸை அப்படியே விட்டுவிட்டு, கயிறு தரையில் இழுபட, வெளியே போய்விட்டான். வீம்பு, வீம்பு என்று எல்மா மனசுக்குள் கத்தினாள். தான் கட்டின கூரையில் தன் கையாலேயே ஓட்டை போட மனசு வரவில்லை இவனுக்கு. பெற்ற பிள்ளையைவிடக் கூரை பெரிசாகப் போய்விட்டது.

பின்லாந்துக்காரர்கள் குடியேறின அந்த ஊரில் ஆள் கூப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. தல்கோ என்பார்கள். கூப்பிட்டால் கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள், கூலி என்ற பேச்சே கிடையாது, காபியும் சாப்பாடும் போட்டால் போதும். ஆனால் கூப்பிட்டவன்தான் முதலில் கை வைக்க வேண்டும். கிணறு என்றால் அவன்தான் முதலில் இறங்க வேண்டும், கூரை என்றால் அவன்தான் முதலில் ஏற வேண்டும். அவன் ஏறாமல் வேறொருத்தன் ஏணியில் கால் வைக்க மாட்டான். அதேபோல, கூப்பிடாமல் ஒருத்தனும் வந்து நிற்கவும் மாட்டான். பக்கத்து வீடு சாய்ந்து கிடந்தாலும், கடந்து போகும்போது கையை ஆட்டிவிட்டுப் போவானே தவிர, ‘என்னப்பா சாய்ஞ்சிருக்கு’ என்று கேட்க மாட்டான். அது அடுத்தவன் வீடு, அவன் பாடு.

இரண்டு நாள் கழித்து அடுப்பு இழுக்கவே இல்லை. குச்சிகூடப் பற்றவில்லை.

“தொப்பி அடைச்சிருக்கும்” என்றாள் எல்மா. “ஏறி அதையாவது சுத்தம் பண்ணு. இல்லேன்னா இன்னிக்கு ரெண்டு பேரும் வெறச்சுத்தான் சாகணும்.”

அவன் தூரிகையை எடுத்துக்கொண்டு போனான். ஏணியைச் சாத்துகிற சத்தம் கேட்டது. எல்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் மேலே ஒரு சத்தமும் வரவில்லை. தேய்க்கிற சத்தம் வர வேண்டுமே என்று கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து ஜன்னலுக்குப் போனாள்.

தவுனோ ஏணியின் நடுவில் நின்றுகொண்டிருந்தான். குழாயின் தொப்பி அவன் தலைக்கு மேலே எட்டாத உயரத்தில் இருந்தது. தூரிகை கீழே பனியில் கிடந்தது. இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிப்பிடித்து, நெற்றியை ஒரு படியில் முட்டுக் கொடுத்து, கண்ணை மூடியிருந்தான். முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின, ஏணியும் கூடச் சேர்ந்து ஆடியது. அப்படியே ஒவ்வொரு படியாகக் காலால் துழாவித் துழாவி இறங்கினான். விறகு பிளக்கிற அடிக்கட்டையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்து, குழாயின் அடியில் சாம்பல் எடுக்கிற வாயைத் திறந்தான். உள்ளே கையை விட்டுக் கரியை அள்ளினான். அதை உள்ளங்கையிலும் புறங்கையிலும் நன்றாகப் பூசிக்கொண்டான்.

உள்ளே வந்தான்.

“சுத்தம் பண்ணிட்டேன்” என்றான், கையைக் காட்டி.

“தொப்பி வரைக்கும் போனியா?”

“போகாம?”

ஜன்னலில் நின்றபோது எல்மாவுக்கு அவன் மேல் இரக்கம்தான் வந்தது. ஐயோ, இவ்வளவு பெரிய உடம்பு இப்படி நடுங்குகிறதே என்று ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. அந்தக் கரியைப் பூசிக்கொள்ளாமல் வந்திருந்தானானால் பிடித்துக்கொண்டும் இருப்பாள். பயந்தவன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. பயத்தை மறைக்கப் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிட்டு, கையில் கரி பூசிக்கொண்டு முன்னால் வந்து நிற்கிறானே, அதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

நேரே போய்ப் போனை எடுத்தாள். அந்த ரோட்டில் ஏழு வீட்டுக்கும் ஒரே லைன். எடுத்ததுமே இரண்டு மூன்று பேர் ஒட்டுக்கேட்கிற மூச்சு வந்துவிடும். கேட்கட்டும் என்றுதான் அவளும் எடுத்தாள்.

“வில்ஹோவா? எல்மா பேசுறேன். எங்க வீட்டுல கூரை வேலை இருக்கு. இறவாரத்த வெட்டிக் குழாய நேரா விடணும். சனிக்கிழமை காலையில வாங்க.”

மறுமுனையில் கிழவர் வில்ஹோ கேட்டார். “தவுனோ கூப்பிடச் சொன்னானாம்மா?”

“நான் கூப்பிடுறேன்.”

“அது சரி. அவன் சொன்னானான்னு கேட்டேன்.”

“நான் இந்த வீட்டுல குடியிருக்கேனா, இல்ல விருந்துக்கு வந்திருக்கேனா? வரீங்களா இல்லையா?”

“வரேன், வரேன்.”

தவுனோவின் அண்ணன் அர்வோவைக் கூப்பிட்டாள். ருடியைக் கூப்பிட்டாள். வைத்துவிட்டுத் திரும்பினபோது தவுனோவின் முகம் சிவந்து கிடந்தது.

“என்ன காரியம் பண்ணின நீ? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?”

“கையில கரி இருக்கு. கழுவிட்டு வந்து பேசு.”

அவன் தன் கையைப் பார்த்தான். பிறகு ஜன்னலைப் பார்த்தான். அங்கிருந்து ஏணி முழுசாகத் தெரிந்தது. அப்படியே வெளியே நடந்து, குளிக்கிற சவுனாக் குடிசைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சவுனாவில் அன்றைக்குத் தீயும் இல்லை, தண்ணீரும் இல்லை.

சனிக்கிழமை வரைக்கும் இருவரும் உப்பைக் கொடு, கதவைச் சாத்து என்பதற்கு மேல் பேசவில்லை. குழாயில் கை வைக்க வேண்டும் என்றால் அடுப்பு ஆறிக் கிடக்க வேண்டும். அதற்கு அணைக்க வேண்டிய வேலையே இல்லை, அடைத்த அடுப்பு அன்றையிலிருந்து பற்றவே இல்லை, பழைய ஹீட்டரை ராத்திரியில் மட்டும் கொஞ்ச நேரம் ஓட்டினார்கள். வீடு ஐஸ் பெட்டியாகிவிட்டது. எல்மா மின் அடுப்பில் காபி போட்டாள். ஏலக்காய் போட்ட நீசு ரொட்டியை அறுத்து வைத்தாள். மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் டர்னிப்பும் உள்ளே வைத்து மடித்த பாஸ்டிகளை மத்தியானத்துக்குச் சுடுவதற்குத் தட்டில் அடுக்கினாள். அடுக்குகிற அடுக்கில் தட்டு கடகடத்தது.

மூன்று டிரக்குகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வில்ஹோ, அறுபது தாண்டியும் கோடரியைக் கீழே வைக்காத மனுஷன். அர்வோ, தம்பியைவிடத் தடிமன், பேச்சும் தடிமன். ருடி, தன் கொட்டகைக் கூரையிலிருந்து தவுனோ விழுந்ததிலிருந்து இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் எதையாவது கொண்டுவந்துவிடுவான். இன்றைக்கு ஒரு மான் தொடை.

“என்னடா இது, உள்ளவிட வெளிய கதகதப்பா இருக்கு!” என்றார் அர்வோ.

“கோட்டக் கழட்டாதீங்க, அவ்வளவுதான்” என்றாள் எல்மா. “காபியக் குடிங்க.”

சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு காபி குடித்தார்கள். மான் வேட்டையைப் பற்றிப் பேசினார்கள். இந்த வருஷப் பனி எப்படி இருக்கும் என்று பேசினார்கள். குழாயைப் பற்றி ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. குடித்து முடித்து வெளியே போய் இறவாரத்துக்குக் கீழே நின்றார்கள். அர்வோ புதுக் குழாய்த் துண்டுகளையும் கூரையில் பதிக்கிற தகட்டையும் இறக்கி வைத்தார். ஏணி சாத்தப்பட்டது. அவ்வளவுதான், வேலை நின்றுவிட்டது.

ருடி தன் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினான். வில்ஹோ வானத்தைப் பார்த்தார்.

“மேக்க மூடியிருக்கு.”

“ஆமா, மூடியிருக்கு.”

“மத்தியானத்துக்கு மேல பனி வரும்.”

“வரலாம்.”

எல்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று ஆம்பளைகளும் ஏணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்தார்கள். தவுனோ நடந்து வந்து ஏணியைப் பிடித்தான். ஒரு படி. இரண்டாவது படி. மூன்றாவது படியில் நின்றான். கை வெளுத்திருந்தது. ஏணி மெல்ல ஆட ஆரம்பித்தது. ருடி தன் டிரக்கின் டயரில் ஏதோ இருப்பது போல அதையே பார்த்தான்.

“என்னால முடியல” என்றான் தவுனோ, ஏணியைப் பார்த்துக்கொண்டே. பிறகு சத்தமாக, “ஏற முடியல. பயமா இருக்கு. ருடி கூரையில இருந்து விழுந்ததுலேர்ந்து.”

“தெரியும்” என்றார் வில்ஹோ.

“தெரியும்டா” என்றார் அர்வோ.

“கட்டுப் பிரிச்ச வாரம் என் கொட்டகைக்கு வந்தியே, ஏணியச் சுத்திக்கிட்டு நடந்தியே” என்றான் ருடி. “அப்பவே தெரியும்.”

எல்மா வாசற்படியை விட்டு இறங்கி வந்தாள்.

“என்ன சொன்னீங்க? தெரியுமா? உங்க எல்லாருக்கும் தெரியுமா?”

ருடி கையுறையை மறுபடி கழற்றினான்.

“தெனமும் இந்த ரோட்டுலதானே போறீங்க. இந்தக் கோணக் குழாயப் பாத்துட்டுத்தானே போனீங்க. ஏன் கோணலா இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே, வாசல்ல நிக்கிற எனக்குக் கைய ஆட்டிட்டுப் போனீங்களா?”

“அவன் கூப்பிடலயேம்மா” என்றார் வில்ஹோ. “கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வர்றது? வந்தாலும் அவன்தானே முதல்ல ஏறணும். நாலு பேர் முன்னால அவனக் கூச வைக்க வேணாம்னு...”

“அவன் கூச்சத்தக் காப்பாத்தினீங்க! நல்லாக் காப்பாத்தினீங்க! என் பொண்ணு மூச்ச யாரு காப்பாத்துறது? அவ ஒதடு நீலமாப் போன அன்னிக்கு ஹான்காக் வரைக்கும் அவ நெஞ்சுல கைய வச்சுக்கிட்டே போனேன், இன்னும் மூச்சு வருதா வருதான்னு. பிள்ள இந்த வீட்டுல இல்லங்கிறதும் உங்களுக்குத் தெரியும்தானே? லைன்ல எல்லாத்தையும் கேக்குறீங்களே!”

“எல்மா, எங்களுக்குத் தெரியும்னா உனக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனச்சோம்மா” என்றார் அர்வோ, தடித்த குரலைத் தணித்துக்கொண்டு. “கட்டினவளுக்குத் தெரியாமலா?”

அது அவளுக்குச் சுருக்கென்று குத்தியது. ஜன்னலில் நின்று பார்க்கிற வரைக்கும் தெரியாதுதான். ஊரில் நாய்க்குட்டிக்கும் தெரிந்தது அவளுக்கு மட்டும் தெரியவில்லை. வீம்பு என்று நினைத்துக்கொண்டு கூரையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். பிறகென்ன, அந்தக் குத்தலும் சேர்ந்து கோபமாகத்தான் திரும்பியது.

“எறங்கு” என்றாள் தவுனோவிடம்.

இறங்கினான். அவள் பாவாடைக்கு மேல் அவனுடைய வேலைக் கோட்டை மாட்டியிருந்தாள். அதன் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஏணியைப் பிடித்தாள்.

“எல்மா, வேணாம்மா” என்றார் வில்ஹோ. “தார் அட்டையில உறைபனி இருக்கு. பொம்பளப் பிள்ள கூரையில...”

“கூப்பிட்டது யாரு?”

கிழவர் அர்வோவைத் திரும்பிப் பார்த்தார்.

“கேக்குறேன்ல, சொல்லுங்க. போன் பண்ணி உங்களக் கூப்பிட்டது யாரு?”

“நீதான்.”

“அப்ப நான்தான் முதல்ல ஏறணும். உங்க முறை அதுதானே? நான் ஏறினப்புறம் உங்களுக்கு ஏறுறதுக்கு என்ன சாக்கு இருக்குன்னு பாக்குறேன். தவுனோ, ஏணியப் பிடி.”

அவள் இதற்கு முன்னால் கூரை ஏறினதே இல்லை. விளிம்பைத் தாண்டி வயிற்றை அட்டையில் வைத்துத் தவழும்போது கீழே இருக்கிற தரை எங்கேயோ போய்விட்டது. அட, இதுதானா இவனுக்கு, என்று ஒரு கணம் நினைத்தாள். அந்த நினைப்பைத் தள்ளிவிட்டுக் குழாயின் தொப்பியைப் பிடித்து முறுக்கினாள். கழன்று வந்தது. உள்ளே ஒரு விரல்கூட நுழையாதபடிக்குக் கீல் இறுகியிருந்தது. கீழே எறிந்தாள். வில்ஹோவின் காலடியில் போய் விழுந்தது.

“நல்லாப் பாருங்க. என் பிள்ள குடிச்ச புகை.”

அதற்கப்புறம் ஆம்பளைகள் அசைந்தார்கள். அர்வோ இன்னோர் ஏணியைச் சாத்தி, எல்போக்களைக் கழற்றிக் கீழே இறக்கினார். சுவரிலிருந்து வருகிற குழாய்க்கு நேர் மேலே, இறவாரத்தின் அடியிலிருந்து ஒரு நீள ஆணியை அடித்தார். ஆணியின் முனை கூரைக்கு மேலே, எல்மாவின் முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தது.

“அதுதான் நடு” என்று கத்தினார். “ரெண்டு பக்கமும் கைமரம் இருக்கு, அதுல ரம்பம் படக் கூடாது. குழாயச் சுத்தி ரெண்டு வெரக்கட எடம் விட்டு வெட்டணும், இல்லேன்னா சூட்டுல மரம் கருகும்.” அளவு பார்த்துக் கரித்துண்டால் கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

ருடி பாதி ஏணி ஏறி வந்து கையை நீட்டினான். “குடு எல்மா, நான் அறுக்குறேன். நீதான் ஏறிட்டியே, முறை முடிஞ்சது.”

“நான் அறுத்தப்புறம் மிச்ச வேலை எல்லாம் உங்களுதுதான். குழாய் ஆடாமக் கம்பி கட்டுறது, தகடு வைக்கிறது, குழாய ஆள் ஒசரத்துக்கு மேல ஏத்துறது எல்லாம். இது என்னுது. கத்தியக் குடு.”

கத்தியால் அட்டையைக் கீறி உரித்தாள். ஆணியை ஒட்டித் துளை போட்டு ரம்பத்தை நுழைத்தாள். மரம் பழசு, இறுகின மரம், லேசில் விடவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் ஒவ்வொருத்தரை நினைத்துக்கொண்டாள். கையாட்டினவர்கள் எல்லாரும் வந்து போனார்கள். வியர்த்து, அந்தக் குளிரிலும் கோட்டின் கழுத்தைத் திறந்துவிட்டாள். கீழே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு, அப்படிப் பிடி, இப்படி இழு என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூன்று பக்கம் முடிந்து நாலாவது பக்கமும் முடியப் போனது. மரம் தொங்கி முனகியது. தள்ளி நில்லுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாம். அவள் சொல்லவில்லை.

பலகையும் அட்டையும் பனிக்கட்டியுமாக அத்தனையும் தடாலென்று கீழே போனது. வில்ஹோ இந்த வயசில் அப்படித் துள்ளுவார் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். ருடி விறகு அடுக்கின் மேல் போய் விழுந்தான். அர்வோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு டிரக் வரைக்கும் ஓடிவிட்டார்.

எல்மா அறுத்த ஓட்டை வழியாகக் கீழே பார்த்தாள். தவுனோ ஓடவில்லை. பலகை அவன் பூட்ஸை உரசிக்கொண்டு கிடந்தது, தொப்பியிலும் தோளிலும் மரத்தூளும் ஐஸும் கொட்டியிருந்தன. இரண்டு கையாலும் ஏணியை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தான். முகத்தை நிமிர்த்தி ஓட்டை வழியாக அவளைப் பார்த்தான்.

“சாயங்காலம் நீதான் போய் மார்சியக் கூட்டிட்டு வரணும்” என்றாள் எல்மா. குரல் கொஞ்சம்கூட இறங்கவில்லை. “ஏன் இத்தன நாளாச்சுன்னு அவ கேப்பா. காத்துன்னு சொல்லாத. ஈர வெறகுன்னு சொல்லாத. என்கிட்டச் சொல்லாதத அவகிட்டயாவது சொல்லு.”

“சொல்றேன்” என்றான் தவுனோ. ஏணியிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அங்க என்ன வேடிக்கை?” என்று மற்றவர்களைப் பார்த்துக் கத்தினாள். “குழாய மேல அனுப்புங்க!”